ஐஇஎல்டிஎஸ் 7.5-க்கு அப்புறம் கேம்பிரிட்ஜ் சி2: சீனமொழிக்காரருக்கு எங்கே இடிக்கிறது?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்கள் மனைவி செங்டுவில் பிறந்து வளர்ந்தவர், இப்போது உங்களோடு சிங்கப்பூரில் இருக்கிறார். போன வருடம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 9-க்கு மொத்தம் 7.5 வாங்கினார்; வாசிப்பில் 8.5, கேட்டலில் 8, பேச்சில் 7, எழுத்தில் 6.5. அடுத்ததாக கேம்பிரிட்ஜின் சி2 ப்ரொஃபிஷியன்சி தேர்வை எழுத ஆசைப்படுகிறார் (மொழித் திறனை ஏ1-லிருந்து ஆறு படியாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலில் சி2 உச்சப் படி, சி1 அதற்கு ஒரு படி கீழே). அதற்காகத் தடிமனான சொற்பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கித் தினமும் ஐம்பது சொல் மனப்பாடம் செய்கிறார். எட்டு மாதம் போதுமா, இன்னும் நல்ல பட்டியல் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொன்றும் தெரிகிறது: இவ்வளவு படிப்பவருக்கு எழுத்திலும் பேச்சிலும் மட்டும் ஏன் மதிப்பெண் ஏறவில்லை, தாய்மொழி சீனம் என்பதாலா? நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், மற்றவை அதிலேயே அடங்கிவிடும்.

நான் தேர்வாளர் கிடையாது, கேம்பிரிட்ஜ் விடைத்தாள் எதையும் திருத்தியதில்லை. பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். முதலில் சீனாவில், அப்புறம் சிங்கப்பூரில். மாணவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் சீனம் பேசுகிறவர்கள். தேர்வின் அமைப்பு, மதிப்பெண் பற்றி நான் சொல்வது கேம்பிரிட்ஜே வெளியிட்டிருக்கும் விவரம். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்வது வகுப்பில் பார்த்தது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் சங்கடமான கேள்வி: இந்தச் சான்றிதழ் எதற்கு? பல்கலைக்கழகத்தில் சேரவோ விசாவுக்கோ என்றால், ஐஇஎல்டிஎஸ்ஸையே மறுபடி எழுதி எழுத்தில் 7 வாங்குவதுதான் குறுக்குவழி. ஊருக்குத் திரும்பி வேலை தேடுவதற்கு என்றால், சீனாவில் நிறுவனங்களுக்குப் பழகிய பெயர்கள் கல்லூரி மாணவர்கள் எழுதும் சிஇடி-4, சிஇடி-6, ஆங்கிலத்தையே பாடமாக எடுத்தவர்கள் எழுதும் டிஇஎம்-8. கேம்பிரிட்ஜ் என்றால் அங்கே பலருக்கும் நினைவு வருவது பிள்ளைகள் எழுதும் கேஇடி, பிஇடி தேர்வுகள்தான். அவற்றுக்கு இடம் பிடிக்கப் பெய்ஜிங், ஷாங்காய்ப் பெற்றோர் படும் பாடு தனிக்கதை. மொழி மேல் உள்ள ஆசைக்காக, அல்லது ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்காக என்றால் சி2 அருமையான இலக்கு. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 வருடத்துக்குத்தான் செல்லும். இதற்குக் காலாவதி கிடையாது.

தேர்வு 1913-இல் தொடங்கியது. அந்த வருடம் எழுதியவர்கள் மூன்றே பேர், மொத்தம் 12 மணி நேரம், ஒருவர்கூடத் தேறவில்லை. இப்போது அவ்வளவு கொடுமை இல்லை. வாசிப்பும், இலக்கணத்தையும் சொல்லாட்சியையும் சோதிக்கும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாள் ஒன்றரை மணி நேரம், எழுத்து ஒன்றரை மணி நேரம், கேட்டல் சுமார் 40 நிமிடம், பேச்சு இன்னொரு தேர்வரோடு சேர்ந்து 16 நிமிடம். வாசிப்பு, மொழிப் பயன்பாடு, எழுத்து, கேட்டல், பேச்சு ஐந்துக்கும் சம எடை. ஐந்தின் சராசரி 200-ஐத் தொட்டால் தேர்ச்சி. 180-லிருந்து 199 வரை வந்தால் சி1 சான்றிதழ் தருவார்கள், கையை வீசிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் தேற வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் மனைவிக்கு இது நல்ல செய்தி, வாசிப்பு எழுத்தைத் தூக்கிப் பிடிக்கும். கெட்ட செய்தி, ஐஇஎல்டிஎஸ்ஸில் இல்லாத மொழிப் பயன்பாடு என்ற பகுதி இங்கே ஐந்தில் ஒரு பங்கு. சீன மாணவர்கள் இலக்கணத்தில் புலி என்ற நம்பிக்கையோடு வந்து அங்கேதான் திகைத்துப்போகிறார்கள்.

எட்டு மாதம் போதுமா? கேம்பிரிட்ஜின் தோராயக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து சி1 வரை வர 700 முதல் 800 மணி நேரமும், சி2 வரை வர 1,000 முதல் 1,200 மணி நேரமும் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டும். இடைவெளி முன்னூறு, நானூறு மணி நேரம். வாரத்துக்கு 10 மணி நேரம் படித்தால் எட்டு மாதத்தில் ஏறக்குறைய 350 வந்துவிடும், கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கு யாருடைய தாய்மொழி எது என்று பார்க்கவில்லை. ஸ்பானியருக்கும் இத்தாலியருக்கும் சி2 தாளில் வரும் பல கடினமான சொற்கள் லத்தீன் வழியாக வீட்டிலேயே தெரிந்தவை. சீனமொழிக்காரருக்கு அந்தச் சொந்தபந்தம் கிடையாது. எதிர்த்திசையில் ஒரு அளவு இருக்கிறது: அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு மாண்டரின் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் என்று வைத்திருக்கிறது, ஸ்பானிய மொழிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதை அப்படியே திருப்பிப்போட்டுக் கணக்கிட முடியாது. தூரம் அதிகம் என்பதற்கு மட்டும் அது சாட்சி. ஐஇஎல்டிஎஸ் 7.5 என்பது சி1-இன் நடுப்பகுதி. அங்கிருந்து வேலைக்கும் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எட்டு மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. அவர்கள் அலுவலகத்தில் தினமும் பக்கம் பக்கமாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்.

சரி, அந்தப் பட்டியல் புத்தகம். அதை மூடி வைக்கச் சொல்லுங்கள், கோபம் வந்தால் என் தலையில் போட்டுவிடுங்கள். சீனாவில் சொற்பட்டியல் மனப்பாடம் ஒரு தலைமுறைப் பழக்கம். அகரவரிசைப் புத்தகங்களைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கைவிடுவதற்கான ஆங்கிலச் சொல் 'அபாண்டன்' நிற்கும். அந்த ஒரு சொல்லோடு புத்தகத்தையே கைவிட்ட கதை அங்கே எல்லா மாணவரும் சொல்லும் ஜோக். அந்த உழைப்பு வீண் என்று சொல்லமாட்டேன். காவ்காவ் எனும் கல்லூரி நுழைவுத் தேர்வை அதுதான் தாண்டவைத்தது, வாசிப்பில் 8.5 வந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. ஐஇஎல்டிஎஸ் வெளியிடும் புள்ளிவிவரங்களைப் பார்த்தாலும் சீனத் தேர்வர்களுக்கு வாசிப்பு மேலேயும் எழுத்தும் பேச்சும் கீழேயும்தான் இருக்கும். பட்டியல் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு சீனச் சொல்லை வைக்கிறது. அந்தச் சொல் எதனோடு சேரும், பின்னால் 'ஆஃப்', 'டு' மாதிரி எந்த முன்னிடைச்சொல் வரும், நண்பரிடம் சொல்லலாமா கட்டுரையில் எழுதலாமா என்பதெல்லாம் அதில் இருக்காது. சி2 தாள் சோதிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

மொழிப் பயன்பாட்டின் நான்காம் பகுதி மாதிரி ஒரு கேள்வியை நானே செய்து காட்டுகிறேன். கொடுத்த வாக்கியம்: 'ஐ நெவர் மென்ட் டு அப்செட் ஹர் அட் ஆல்.' அதே பொருள் வரும்படி இன்னொரு வாக்கியத்தை நிரப்ப வேண்டும்: 'ஐ … அப்செட்டிங் ஹர்.' கட்டாயம் பயன்படுத்த வேண்டிய சொல் 'ஸ்லைட்டெஸ்ட்', அதை மாற்றக் கூடாது. மூன்றிலிருந்து எட்டுச் சொல்லுக்குள் முடிக்க வேண்டும். விடை: 'டிட் நாட் ஹேவ் த ஸ்லைட்டெஸ்ட் இன்டென்ஷன் ஆஃப்.' சீனமொழி பேசும் நல்ல மாணவர் பெரும்பாலும் 'டிட் நாட் ஹேவ் ஸ்லைட்டெஸ்ட் இன்டென்ஷன் டு' என்று எழுதுவார். கடினமான சொல்லான இன்டென்ஷன் சரியாக வந்துவிட்டது. போனவை 'த', 'ஆஃப்' என்ற இரண்டு பொடிச்சொற்கள். கேள்விக்கு 2 மதிப்பெண், விடையை இரண்டு துண்டாகப் பிரித்துத் துண்டுக்கு ஒன்று தருவார்கள். இங்கே துண்டுக்கு ஒரு பிழை, ஆக இரண்டும் போயிற்று. இப்படி ஆறு கேள்வி வரும். இதற்குப் பட்டியலில் இன்னும் ஆயிரம் சொல் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே தனிச்சொல்லை எழுதாமல் சொற்கூட்டத்தை எழுதிவைக்கும் நோட்டு ஒன்று வேண்டும். படிக்கும் கட்டுரையில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், தெரியாத கூட்டாளியோடு வரும் இடங்களைத்தான் அதில் எழுத வேண்டும். இன்னொரு பயிற்சி, செலவில்லாதது: நல்ல ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள சின்னச் சொற்களை மட்டும் நீங்கள் அழித்துக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்து அவர் நிரப்பட்டும். இரண்டாம் பகுதியில் வரும் எட்டுக் கேள்விகளும் இதே மாதிரிதான். கேம்பிரிட்ஜின் இங்கிலிஷ் வொக்கபுலரி ப்ரொஃபைல் என்ற இணையதளமும் பயன்படும், ஒரே சொல்லின் எந்தப் பொருள் எந்த நிலைக்கு உரியது என்று பிரித்துக் காட்டும். மனப்பாடம் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று இருக்கிறது, அது மூன்றாம் பகுதி. அங்கே ஒரு வேர்ச்சொல்லைக் கொடுத்து முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். சீனம் பெரும்பாலும் இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் புதுச்சொல் செய்யும் மொழி. மின்சாரத்தையும் மூளையையும் சேர்த்தால் கணினி. 'டீப்' எப்படி 'டெப்த்' ஆகிறது என்ற மாதிரி உருமாற்றம் அவர்களுக்குப் பழக்கமில்லை. இந்த ஒட்டுகளைப் பட்டியல் போட்டே படிக்கலாம், பழைய பழக்கத்துக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

இனி எழுத்து. முதல் கேள்வி கட்டாயம்: தலா நூறு சொல் அளவில் இரண்டு பத்திகள் கொடுப்பார்கள், அவற்றின் முக்கியக் கருத்துகளைச் சுருக்கி, எடைபோட்டு, சொந்தக் கருத்தும் சேர்த்து 240–280 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். இரண்டாவது கேள்வியில் மதிப்புரை, அறிக்கை, கடிதம், பத்திரிகைக் கட்டுரை போன்ற வகைகளிலிருந்து ஒன்று, 280–320 சொல். சீனாவில் பயிற்சி வகுப்புகள் தேர்வுக்கட்டுரைக்கு வார்ப்புரு கொடுத்தே பழக்குகின்றன. 'சமூகம் வளர்ந்துவரும் நிலையில்' என்று ஆரம்பம், 'நாணயத்துக்கு இரண்டு பக்கம்' என்று நடு, 'மொத்தத்தில் பார்த்தால்' என்று முடிவு. தலைப்பு எதுவானாலும் இதே எலும்புக்கூடு. எழுத்தில் 6.5-லேயே நிற்பவர்கள் பலரிடம் நான் கண்டது இதைத்தான். உங்கள் மனைவியின் கட்டுரையைப் பார்க்காததால் அவருக்கும் அதுவே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

வித்தியாசம் எங்கே என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். முதல் பத்தி, கைபேசியிலேயே படிக்க முடிவதால் பொது நூலகங்களுக்குச் செலவழிப்பது தேவையில்லை என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பத்தி, வீட்டில் அமைதியான மூலை இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம்தான் படிக்கும் இடம் என்கிறது. வார்ப்புருக்காரர் 'முதல் பத்தி எதிர்க்கிறது, இரண்டாம் பத்தி ஆதரிக்கிறது, இரண்டிலும் நியாயம் உண்டு' என்று எழுதி நகர்ந்துவிடுவார். கேட்கப்படுவது எடைபோடுவது: முதல் பத்தி நூலகத்தைப் புத்தகக் கிடங்காக மட்டும் பார்க்கிறது, இரண்டாவது அதை ஒரு இடமாகப் பார்க்கிறது, அதனால் முதலாவது வாதம் இரண்டாவதைத் தொடவே இல்லை. இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் கட்டுரை தன்பாட்டில் நடக்கும். வாரம் ஒருமுறை, எழுதாமல், இரண்டு எதிரெதிர் பத்திகளைப் படித்து இப்படி ஒரு வாக்கியம் மட்டும் உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பத்தியில் உள்ள சொற்களையே தூக்கிப் போடக் கூடாது. முடிந்தவரை சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்று கேள்வித்தாளே சொல்கிறது.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். சீனர்கள் சுற்றி வளைத்துத்தான் சிந்திப்பார்கள், கருத்தைக் கடைசியில்தான் வைப்பார்கள், அதனால் ஆங்கிலக் கட்டுரை வராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1966-இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிக்கொரு கோட்டுப்படம் வரைந்து, கிழக்காசிய மொழிகளுக்குச் சுருளைப் போட்டதிலிருந்து பரவிய எண்ணம் அது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள், அவரே பிறகு தளர்த்திக்கொண்டார். வார்ப்புருவை விட்டு வெளியே வந்த என் மாணவர்கள் நேராகவே எழுதுகிறார்கள்.

வாக்கிய அமைப்பில் தாய்மொழியின் கை நிச்சயமாக உண்டு, இதில் சந்தேகமில்லை. சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது, பெயரின் முன்னால் 'த', 'எ' கிடையாது. 'ஆல்தோ' என்று தொடங்கினால் அடுத்த பாதியில் 'பட்' வந்தே தீரும், ஏனென்றால் அங்கே இரண்டும் ஜோடியாக வரும். பெயரை விவரிக்கும் பகுதி முழுக்கப் பெயருக்கு முன்னால் வரும். இது நம் தமிழிலும் அப்படித்தான்: 'நேற்று நான் கடையில் பார்த்த பெண்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் சீனத்தில் சொல்லலாம். ஆங்கிலம் பெண்ணை முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிடுகிறது. நீளமான ஆங்கில வாக்கியம் எழுதும்போது அவர் எங்கே சிக்குகிறார் என்று உங்களுக்குச் சட்டென்று புரியும், இங்கிலாந்துக்கார ஆசிரியருக்கு அவ்வளவு சீக்கிரம் புரியாது.

பேச்சில் முதலில் கவனிக்க வேண்டியது 'ஹீ', 'ஷீ'. சீனத்தில் எழுத்தில் வேறுபட்டாலும் ஒலியில் இரண்டும் ஒன்றுதான். அதனால் மிக நன்றாகப் பேசுகிறவர்கள்கூட அப்பாவை 'ஷீ' என்று சொல்லிவிட்டுக் கவனிக்காமலே போவார்கள். அடுத்தது சொல்லின் வால். மாண்டரினில் அசை உயிரிலோ 'ன்', 'ங்' ஒலியிலோதான் பெரும்பாலும் முடியும். எனவே 'ஆஸ்க்ட்' என்பது 'ஆஸ்க்' ஆகிறது, பன்மையின் 'ஸ்' உதிர்கிறது. அவருக்கு இலக்கணம் தெரியும், வாயில் வராததால் கேட்பவர் காதில் இலக்கணப் பிழையாகவே விழுகிறது. செங்டுக்காரர் என்பதால் 'லைட்', 'நைட்' குழப்பமும் இருக்கலாம், அந்த ஊர்ப் பேச்சில் ல, ன ஒலிகள் கலக்கும். இருக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். சீன வாடை இருப்பது குற்றம் இல்லை. தேர்வில் பார்ப்பது புரிகிறதா, அழுத்தமும் ஏற்ற இறக்கமும் பொருளுக்கு உதவுகிறதா என்பதைத்தான். ஒலிப்பதிவுதான் சிறந்த மருந்து: இரண்டு நிமிடம் ஒரு தலைப்பில் பேசிப் பதிந்து, அவரே அதை எழுத்தாக்கி, விழுந்த வால்களைச் சிவப்பில் குறிக்கட்டும். அந்த இரண்டு நிமிடம் சும்மா சொல்லவில்லை. பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் தனியாகப் பேச வேண்டிய நேரம் அதுதான்.

வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். சரளம் வர அது போதும், சரளம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கணவன் மனைவி பேச்சில் பாதி சொல்லாமலே புரிந்துவிடும், சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் வரும் அந்த 'லா'வும் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் திருத்தத் தொடங்கினால் தேர்வுக்கு முன்னால் வேறு பிரச்சினை வரும்! வாரம் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் மட்டும் திருத்துங்கள். கேட்டலுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 8 வாங்கியவர், ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை போடுவார்கள், பழைய தாள்களைக் கேட்டாலே போதும்.

இப்போது செய்ய வேண்டியது: கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் மாதிரித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் வைத்து மொழிப் பயன்பாட்டையும் எழுத்தையும் மட்டும் செய்யட்டும். மொழிப் பயன்பாட்டு மதிப்பெண்ணில் சேரும் 2, 3, 4-ஆம் பகுதிகளுக்குச் சேர்த்து 28 மதிப்பெண். அதில் பாதிகூட வரவில்லை என்றால் எட்டு மாதத் திட்டத்தை மறந்துவிடுங்கள். தேர்வு தினமும் நடப்பதில்லை, எல்லா மையத்திலும் நடப்பதில்லை, பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடும். அதனால் மையத்தைக் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். அப்புறம் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளைத் திருத்தாமல், பெயரை மட்டும் எடுத்துவிட்டு இங்கேயே போடுங்கள். அதைப் பார்த்தால் எட்டு மாதமா, பதினெட்டு மாதமா என்று இன்னும் கொஞ்சம் துணிந்து சொல்வேன்.